பெரிய கேஸ் அடுப்பு மாட்டப் போகிறவர்களுக்கு

அன்புள்ள உறவுகளே,

ஒன்றுகூடலுக்கு வெளியில் வைக்கிற பெரிய கேஸ் அடுப்பு வாங்கியாயிற்று, மாட்டத்தான் பயமாக இருக்கிறது என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் அந்த வேலை வருடா வருடம் என் தலையில்தான் விழுகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ரெகுலேட்டர். பெரிய பர்னர்களில் பல உயர் அழுத்தத்தில் எரிபவை. வீட்டு அடுப்பின் ரெகுலேட்டரை மாட்டினால் சுடர் சோனியாக நிற்கும், அண்டாத் தண்ணீர் சூடேறவே பாதிப் பொழுது போய்விடும். தலைகீழாகச் செய்வது அதைவிட மோசம்: உயர் அழுத்த ரெகுலேட்டர் வீட்டு அடுப்புக்குப் போகவே கூடாது. அடுப்போடு வந்தது எதுவோ, அதுவே. ட்யூபை வளைத்துப் பாருங்கள். வளைவில் வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். இன்னொன்று, கேஸ் இணைப்புகளில் பல இடது மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். ஏறவில்லை என்று ஸ்பேனரால் முறுக்குவதற்கு முன் எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாட்டியபின் சோப்புத் தண்ணீர். அடுப்புக் குமிழை மூடிவைத்து, சிலிண்டர் வால்வைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் நுரையைத் தடவுங்கள். போன முறை எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. எழுந்திருக்கப் போகும்போது ரெகுலேட்டர் நட்டுக்குக் கீழே கடுகளவு குமிழி ஒன்று உப்பி உடைந்தது. அதே இடத்தில் மறுபடி உப்பியது. வாஷரில் ஒரு கீறல். மூக்கை நம்பியிருந்தால் தப்பவிட்டிருப்பேன். கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, சேர்ப்பதுதான். அதையும் வெளிக்காற்று கொண்டுபோய்விடும்.

அடுப்பை வைக்கும் இடம் சமதரையாக, வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். சிலிண்டரில் வரும் கேஸ்களில் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடித்தான் போகும். சாக்கடை மூடி, நிலவறை ஜன்னல் பக்கம் வேண்டாம். மழை வந்தால் அடுப்பை அணையுங்கள். கூடாரத்துக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ தள்ளிக்கொண்டு போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ரெகுலேட்டர் காசு கொடுத்து. சட்டென்று திறந்தேன், சுடர் விரல் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. ரெகுலேட்டர் போச்சு என்று புதிது வாங்கினேன், அதுவும் அப்படியே! சில இணைப்புகளில் கேஸ் வேகமாகப் பாய்ந்தால் ட்யூப் அறுந்துவிட்டது என்று எண்ணி கேஸைத் தானே குறைத்துவிடும் அமைப்பு இருக்கிறதாம். எல்லாவற்றையும் மூடி, சிறிது நேரம் விட்டு, வால்வை மெல்லத் திறந்தால் சரியாகிவிடும்.

சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று பொருள். காற்றுத் துளையின் தகட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். சும்மா கிடந்த அடுப்பானால் குழலுக்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும், கம்பி பிரஷ் விட்டு எடுத்துவிடுங்கள்.

பற்றவைக்கும்போது நெருப்பு முதலில், கேஸ் பிறகு. காற்றில் அணைந்துவிட்டால் உடனே மறுபடி பற்றவைக்காதீர்கள். மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வு. ட்யூபில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்தபின் அடுப்புக் குமிழ்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், படுக்கவைத்தால் திரவமே வெளியே வரும். நிறைய நேரம் எரிந்தால் அதன் மேல் உறைபனி படியும். உள்ளே திரவம் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுவதால் அப்படி. பயப்பட வேண்டாம், நெருப்பு காட்டிச் சூடாக்கவும் வேண்டாம். குளிர் நாட்டுக்காரர்கள் புரொப்பேனே வாங்குங்கள். பியூட்டேன் சுழியத்தை ஒட்டியே ஆவியாகாமல் நின்றுவிடும், புரொப்பேன் −42 பாகை செல்சியஸ் வரை தாங்கும்.

காற்றுக்கு மறைப்பு வைப்பதென்றால் பர்னருக்கு மட்டும். ஒருமுறை நான் கெட்டிக்காரத்தனமாகத் தகரத்தை வளைத்து அடுப்பு, சிலிண்டர் இரண்டையும் சுற்றிக் கட்டிவிட்டேன். கால் மணி நேரத்தில் சிலிண்டர் தொட முடியாத சூடு. வால்வை மூடக் கை விடவே நெஞ்சு படபடத்தது. அந்தத் தகரம் இன்னும் ஷெட்டில் கிடக்கிறது, கோழிக்கூண்டுக்கு வேண்டுமென்றால் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.