மறு: 'பிளவுப் பொதி' வேண்டாம், 'பங்காளிப் பொதி' என்பது என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம். ஜாவா நிரல்மொழியின் 'ஸ்பிளிட் பேக்கேஜ்' என்ற சொல்லுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில், கீழே மேற்கோளிட்ட கருத்துக்கு இது என் பதில். இங்கே இனக்குழு என்பது கிளாஸ்; பொதி என்பது இனக்குழுக்களை ஒரு பெயரில் தொகுக்கும் பேக்கேஜ்; கூறு என்பது பொதிகளைத் தொகுக்கும் மாட்யூல்.

> ஒரே பொதியின் இனக்குழுக்கள் இரண்டு கூறுகளில் பிரிந்து கிடப்பதால் 'பிளவுப் பொதி' என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்கு நேரான பொருள்.

ஐயா, மூலச்சொல்லே பழைய காலத்தைச் சேர்ந்தது என்பதுதான் என் தயக்கம். 'பிளவு' என்று படிக்கும் மாணவர், இரண்டு துண்டுகளும் எங்கோ இருக்கின்றன, தேடினால் கிடைக்கும் என்றே எண்ணுவார். ஜாவா 8 வரை அது சரி. கிளாஸ்பாத்தில் (இனக்குழுக்களைத் தேடவேண்டிய இடங்களின் பட்டியல்) உள்ள இரண்டு ஜார்கள் (இனக்குழுக்களைக் கட்டிவைத்த கோப்புகள்) ஒரே பொதிக்கு இனக்குழுக்களைத் தந்தால், ஏற்றி (இனக்குழுக்களை நினைவகத்தில் ஏற்றும் கிளாஸ்லோடர்) வரிசைப்படி தேடிக் கிடைத்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பொதிக்கு முத்திரை (எல்லா இனக்குழுக்களும் ஒரே ஜாரிலிருந்தே வரவேண்டும் என்ற கட்டுப்பாடு) இடப்படாதவரை தகராறு இல்லை.

2017 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 9 இந்தத் தேடலையே மாற்றிவிட்டது. முன்பு ஏற்றி தன் மூத்த ஏற்றியிடம் கேட்டுவிட்டுப் பிறகு தானே தேடும். இப்போது முதல் கேள்வி வேறு: இந்தப் பொதி பெயருள்ள கூறு (கிளாஸ்பாத்தில் வராமல் தனக்கென ஒரு பெயருடன் வரும் கூறு) எதற்காவது உரியதா? ஆம் என்றால், அந்தக் கூறை வைத்திருக்கும் ஏற்றியிடம் கோரிக்கை நேரே போய்விடும். அங்கே இனக்குழு இல்லையென்றால் தேடல் முடிந்தது. கிளாஸ்பாத்தில் அதே பொதியில் அது பத்திரமாக இருந்தாலும் ஏற்றி அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இதில் பலர் சிக்கிய உண்மை நிகழ்வு ஒன்று உண்டு. போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் போன்ற குறிப்புகள் (நிரலில் இடப்படும் அனோட்டேஷன்கள்) ஜாவாஎக்ஸ்.அனோட்டேஷன் என்ற பொதியில் இருந்தன. ஜாவா 9-இல் அந்தப் பொதி ஜாவா.எக்ஸ்எம்எல்.டபிள்யூஎஸ்.அனோட்டேஷன் என்ற கூறுக்குள் போனது. அந்தக் கூறு தானாகச் சேராது. ஆட்-மாட்யூல்ஸ் என்ற கட்டளைவரி விருப்பம் கொடுத்துச் சேர்க்கவேண்டும். சேர்த்த உடனே இன்னொரு கோளாறு முளைத்தது. ஜேஎஸ்ஆர் 305 என்ற குறிப்புத் தொகுப்பின் ஜாரில் உள்ள நான்நல் (வெற்று மதிப்பு கூடாது என்னும்) குறிப்பும் அதே பொதிப் பெயரில்தான் இருக்கிறது. போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் கிடைத்தது, நான்நல் காணாமல் போனது! ஜார் கிளாஸ்பாத்திலேயே இருக்க, நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) 'அப்படி ஒன்று இல்லை' என்றது. அந்தக் கூறு ஜாவா 11-இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் பாடமாகச் சொல்ல இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இதைப் 'பிளவு' என்று விளக்கினால் மாணவர் ஜாரின் பாதையைத்தான் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். பாதையில் பிழையே இல்லை.

நண்பர் ஒருவர் 'ஈருரிமைப் பொதி' என்றார். சொல் அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடங்களில் இடறுகிறது. மூன்று கூறுகள் ஒரே பொதியைக் கொண்டிருந்தால் 'ஈர்' பொருந்தாது. அதைவிட முக்கியமாக, ஜாவா 9-இன் கூறுமுறையில் உரிமை இருவருக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை, கோருபவர்கள்தாம் பலர்.

ஆகவே 'பங்காளிப் பொதி'. ஒரே சொத்துக்குப் பலர் உரிமை கோரும் நிலையைத் தமிழில் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு சொல் என் நினைவுக்கு வரவில்லை. 'கூட்டாளி என்றும் பொருள் வருமே' என்று கேட்கலாம். வரும், ஆனால் 'பங்காளிச் சண்டை' என்ற வழக்கு அந்த ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது. பேச்சுவழக்குச் சொல், பாடநூலுக்கு ஏற்றதில்லை என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. புழங்கும் சொல் கலைச்சொல்லாகும்போதுதான் அது நிலைக்கிறது.

விளைவுகள் இருவகை என்பதால் கிளைச்சொற்களும் தேவைப்படும். நம் நிரலை ஏற்றும் பயன்பாட்டு ஏற்றியின்கீழ் வரும் இரண்டு பெயருள்ள கூறுகள் ஒரே பொதியைக் கொண்டிருந்தால் நிரல் தொடங்கவே தொடங்காது. எந்தப் பொதி, எந்தக் கூறுகள் என்று பிழைச்செய்தி பெயர் சொல்லிவிடும். இதைப் 'பங்காளி மோதல்' எனலாம். நான்நல் நிகழ்வில் நடந்தது வேறு: மோதல் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஒரு தரப்பு பார்வையிலிருந்து அகற்றப்படுகிறது. இதற்குப் 'பங்காளி மறைப்பு'. கற்பிப்பவர்கள் அதிக நேரம் செலவிடவேண்டியது இரண்டாவதில்தான்.

ஜாவாவுக்கான இன்னொரு கூறுமுறையான ஓஎஸ்ஜிஐ-க்கும் இச்சொல் ஒத்துவருகிறதா என்று பார்த்தேன். அங்கே பொதியின் பெயரால் இறக்குமதி செய்தால் ஒரே ஒரு தரப்பிலிருந்துதான் கிடைக்கும். முழு மூட்டையையும் (அங்கே கூறுக்கு இணையான பண்டில்) சார்ந்திருப்பதாக அறிவித்தால் பல தரப்பிலிருந்தும் சேர்ந்து கிடைக்கும். பங்காளிகள் ஒத்துப்போவதும் உண்டு என்பதால் இரண்டுக்கும் சொல் பொருந்துகிறது.

மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் மூன்றையும் சேர்த்துவிடலாம். பேட்ச்-மாட்யூல் என்ற கட்டளைவரி விருப்பத்துக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. மறைந்துபோன ஜாரை உரிமையுள்ள கூறுக்குள்ளேயே நுழைப்பது அதுதான்; சோதனை நிரலை மூலநிரலின் பொதிக்குள் வைக்க, நிரல் கட்டும் கருவியான மேவனும் அதையே பயன்படுத்துகிறது. 'ஒட்டு' என்று மட்டும் சொன்னால் வாக்குச்சீட்டு நினைவுக்கு வருகிறது. 'கூறொட்டு' எப்படி இருக்கிறது? மரம் ஒட்டுக்கட்டுவதை அறிந்தவர்கள் இங்கே இருந்தால் அவர்கள் கருத்தை முதலில் கேட்க விரும்புகிறேன்.