பர்ன்அவுட் 3: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு மோதல் இருந்தால் சொல்லுங்கள்

பெரம்பூர்வாசி:
எங்கள் தெருமுனை கேம் கடை, பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) காலம். எல்லோரும் கிரிக்கெட் கேட்க, ஒரு பையன் மட்டும் பர்ன்அவுட் 3 கார் ரேஸ் கேட்பான். ஆறாவது படித்திருப்பான், பெயர்கூடத் தெரியாது. அன்று கடைசிச் சுற்றில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தவன், எதிரே வந்த பஸ்ஸில் நேராக மோதிவிட்டான். கடையே "போச்சு" என்று கத்தியது. அவன் வேகம் கூட்டும் பூஸ்ட் பட்டனை மட்டும் விடவில்லை. திரை மெதுவாகிவிட்டது. உருண்டுகொண்டிருந்த வண்டியை ஸ்டிக்கால் கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் தள்ளினான். பின்னால் வந்த இரண்டாவது வண்டி அதிலேயே வந்து சிதறியது. மோதிய பிறகும் வண்டியைத் தள்ளி இன்னொருவனை வீழ்த்தும் ஆஃப்டர்டச் டேக்டவுன்! பூஸ்ட் நிறைந்து, அவனே முதலில் வந்தான். கட்டிய காசுக்கு நேரம் மிச்சம் இருந்தும் கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவேயில்லை. தம்பி, இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது.

தாம்பரம் மூணாவது கியர்:
எனக்கு ரேஸ் இல்லை, கிராஷ் மோட். என் அப்பா பஸ் டிரைவர். ரிட்டையர் ஆகும்வரை ஜிஎஸ்டி ரோட்டில்தான் ஓட்டினார். பர்மா பஜாரில் வாங்கிய டிவிடியைப் போட்டு நானும் சித்தப்பா பையனும் மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தோம். தெரியுமே, சிக்னலில் பாய்ந்து எவ்வளவு வண்டிகளை நொறுக்குகிறோமோ அவ்வளவு டாலர். நாலு மடங்கு பெருக்கும் ஐகானை எடுத்து, நம் வண்டியையே வெடிக்கவைக்கும் கிராஷ்பிரேக்கரையும் போட்டு, ஒரு பஸ்ஸைக் குப்புறக் கவிழ்த்தேன். கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "உள்ள ஆளு இருக்காடா?" என்றார். "இல்லப்பா, இந்த கேம்ல ஆளே காட்டமாட்டான்" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான், எந்த மோதலிலும் ஒரு ஆள்கூடக் கண்ணில் படமாட்டார்.

அப்புறம் அவரே உட்கார்ந்தார். எந்த பட்டன் எதற்கு என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். சரிவில் இறங்கினார், பிரேக்கைத் தொட்டார், லாரிக்கும் காருக்கும் நடுவில் நுழைந்தார், குறுக்கே வந்த வேனுக்கு வழிவிட்டார், அந்தப் பக்கம் போய்விட்டார். ஒரு வண்டியையும் தொடவில்லை. கேம் கணக்கில் அது படுதோல்வி, ஒரு டாலர் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் வாயடைத்துப்போய் இருந்தோம். அத்தனை வேகத்தில் அந்தச் சந்திப்பை அப்படிக் கடக்க முடியும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

மயிலாப்பூர் சங்கிலி:
பெரம்பூர் அண்ணா, மன்னிக்கணும், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மோதிய பிறகு திரையை மெதுவாக்கி இன்னொரு வாய்ப்பு கொடுப்பது என்ன நியாயம்? ரோட் ரேஷ் பைக் ரேஸ் கேமில் விழுந்தால் விழுந்ததுதான். எழுந்து நடந்து போய் பைக்கை எடுக்கவேண்டும், அதற்குள் போலீஸ் வந்தால் ஆட்டம் முடிந்தது. பிரவுசிங் சென்டரில் பக்கத்து கம்ப்யூட்டர் அக்கா, அந்த கேமில் அடிக்க ஓங்கியவனின் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கி அவனையே அடித்தார். ஆயுதத்தைப் பிடுங்கலாம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது அப்படியே நினைவிருக்கிறது.

குரோம்பேட்டை லென்ஸ்:
சங்கிலி சகோதரி, ஆஃப்டர்டச் இனாம் இல்லை. வண்டியைக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தத் தெரியவேண்டும். பாதி நேரம் தப்பான பக்கம் உருண்டுவிடும். 2002-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கிராஷ் மோட் உண்டு, ஆஃப்டர்டச் கிடையாது. இரண்டையும் ஆடினால் வித்தியாசம் புரியும்.

என் கதை சின்னது: ரிச்சி ஸ்ட்ரீட்டில் என் பிஎஸ்2-வுக்கு லென்ஸ் மாற்றிக் கொடுத்தவர், வேலை செய்கிறதா என்று பார்க்க இதே டிவிடியைப் போட்டு, முதல் ஓட்டத்திலேயே தங்கப் பதக்கம் வாங்கினார். அவ்வளவுதான்.

இப்போது பிஎஸ்2-வை எடுத்து ஆட நினைப்பவர்களுக்கு: புது எல்இடி டிவியில் நேரடியாக மாட்டாதீர்கள். பழைய சிக்னலைப் பெரிதாக்கிச் சுத்தம் செய்ய டிவி கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால் நீங்கள் திருப்பிய பிறகுதான் வண்டி திரும்பும். இந்த வேகத்தில் அது போதும், சுவரில்தான் போய் நிற்பீர்கள். டிவி செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள். படத்தை மென்மையாக்கும் வேலைகளை எல்லாம் அணையுங்கள். மஞ்சள் ஒயரைவிட காம்போனன்ட் கேபிள் நல்லது, டிவியில் அதற்குரிய ஓட்டைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வீட்டில் பழைய டியூப் டிவி இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடவே போடாதீர்கள், இதற்கு அதைவிட நல்ல திரை இல்லை. மெமரி கார்டைத் தனியாக எடுத்து வையுங்கள், உங்கள் பதக்கங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பெரம்பூர்வாசி:
லென்ஸ் சார், டிவி பற்றி யாரும் கேட்கவில்லையே! தாம்பரம், அப்பா அப்புறம் ஆடினாரா?

தாம்பரம் மூணாவது கியர்:
ரேஸ் ஆடினார். 2005-ல் அடுத்த பாகம் பர்ன்அவுட் ரிவெஞ்ச் வந்ததும் அதையும் போட்டுக் கொடுத்தேன், பிடிக்கவில்லை. அதில் நாம் போகும் திசையில் போகிற கார்களைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளலாம், நமக்கு ஒன்றும் ஆகாது. "இடிச்சா நமக்கும் அடிபடணும்டா, இல்லன்னா எதுக்கு ஒதுங்கி ஓட்டணும்?" என்றார். நானும் அதே கட்சிதான். மூன்றாம் பாகத்தில் ஒவ்வொரு காரும் ஒரு பயம். அதனால்தான் எதிர்த்திசையில் ஏறி பூஸ்ட் சேர்ப்பதற்கு ஒரு மதிப்பு இருந்தது.

மயிலாப்பூர் சங்கிலி:
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். உங்கள் அப்பாவை ரோட் ரேஷ் ஆடச் சொல்லுங்கள்.