மறு: சென்சரி பிராசசிங் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘உணர்ச்சி செயலாக்கக் கோளாறு’ என்றே போட்டுவிடலாமே?

வணக்கம். கண், காது, தோல் போன்ற புலன்கள் அனுப்புவதை மூளை பிரித்தெடுப்பதுதான் சென்சரி பிராசசிங். அது சில பிள்ளைகளிடம் வேறு மாதிரி நடப்பதற்குத்தான் இங்கே பெயர் தேடுகிறோம்.

இந்தத் தொடரில் மூன்று சொல்லுமே இடிக்கிறது. ‘உணர்ச்சி’ என்றால் படிப்பவர் கோபம், அழுகை என்றுதான் எடுத்துக்கொள்வார். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை ‘அடம்’ என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் சொல்லும் அதற்கு ஒத்து ஊத வேண்டாம். ‘புலன்’தான் பொருத்தம்.

‘கோளாறு’ மருத்துவப்படியும் நிற்காது. இதைத் தனி நோயாகக் குறிக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2012-இல் சொன்னது. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல்) இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்ததே தவிர, தனி இடம் தரவில்லை. ஆகவே ‘வேறுபாடு’.

‘செயலாக்க’த்துக்கு மாற்றாக இழையில் வந்த ‘புலனேற்பு’ காதுக்கு இனிமைதான். ஆனால் பள்ளிப் பாடத்தில் ‘ஏற்பி’ என்பது தூண்டலை முதலில் வாங்கும் உடல் பகுதியை (ரிசப்டர்) குறிக்கிறது, சிக்கல் அங்கே இல்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காதைச் சோதித்தால் ஒரு குறையும் இருக்காது. வகுப்பில் ஆசிரியர் குரலை முன்னே வைத்து, மின்விசிறிச் சத்தத்தைப் பின்னே தள்ளுகிற மூளை வேலைதான் அவர்களிடம் வேறு மாதிரி நடக்கிறது. ‘கையாளல்’ என்றால் பிள்ளை தெரிந்தே செய்வது போலாகிவிடும். என் ஓட்டு ‘புலன்பகுப்பு வேறுபாடு’. பேச்சில் ‘புலன் வேறுபாடு’ போதும்.

தலைப்புச் சொல்லைவிட எனக்கு அவசரம் உட்பிரிவுகள்தான், பெற்றோர் என்ன செய்வது என்பது அங்கேதான் இருக்கிறது. 1972-இல் அமெரிக்கச் செயல்முறைச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) வல்லுநர் ஏ. ஜீன் ஏர்ஸ் இதைப் பற்றிப் புத்தகமாக எழுதியதன் தொடர்ச்சியாக, 2007-இல் அதே துறையைச் சேர்ந்த லூசி ஜேன் மில்லர் குழுவினர் தந்த பகுப்பிலிருந்து மூன்றை எடுக்கிறேன்: புலன்மிகை (சின்னத் தூண்டலும் பெரிதாகத் தாக்குவது), புலன்தணிவு (தூண்டல் எளிதில் எட்டாமல் போவது), புலன்நாட்டம் (தூண்டலைத் தேடிப் போவது). (தணிவுக்கு ‘மந்தம்’ வேண்டவே வேண்டாம். மிகைக்கு ‘ஒவ்வாமை’ என்றால் மாத்திரை கேட்பார்கள்.)

பெற்றோர் செய்ய வேண்டியது இதுதான்: மிகை என்றால் சட்டைக் காலரில் உள்ள லேபிளை வெட்டி, துணியை நாலு தடவை துவைத்துப் போடுவது. மிக்சி போடும் முன் சொல்லிவிட்டுப் போடுவது. தணிவு என்றால் தூரத்திலிருந்து கூப்பிடாமல் எதிரே போய் நின்று பேசுவது. விழுந்து முட்டி சிராய்த்தது அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் போகலாம், நாம்தான் பார்க்க வேண்டும். நாட்டம் என்றால் ‘சும்மா உட்கார்’ பலிக்காது. நோட்டுக் கட்டைத் தூக்கி அடுத்த வகுப்பில் கொடுத்துவரச் சொன்னால் உடம்புக்கு வேலை கிடைக்கும்.

ஒரே பிள்ளைக்கு ஒலியில் மிகையும் அசைவில் நாட்டமும் இருக்கலாம். அதனால் ஆளுக்குப் பெயர் வைக்காமல் புலனுக்கு வைப்போம்: ஒலிமிகை, தொடுமிகை, மணமிகை, அசைவுநாட்டம். குறளின் ‘ஊறு’ (தொடுவுணர்வு), ‘நாற்றம்’ (மணம்) இரண்டும் இன்று பொருள் மாறிவிட்டன, எடுக்க முடியாது. எல்லாம் ஒன்றாக வந்து மோதும் சென்சரி ஓவர்லோடுக்குப் ‘புலன்நெரிசல்’. கல்யாண மண்டபத்தில் மேளம், விளக்கு, கூட்டம் மூன்றும் சேரும்போது நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை.

ஐம்புலனோடு கணக்கு முடியவில்லை என்பதுதான் மிச்சச் சிக்கல். உட்செவி தரும் சமநிலைக்குச் ‘சமநிலைப்புலன்’, பசி, சிறுநீர் முட்டுவது போன்றவற்றுக்கு ‘அகப்புலன்’ என்று வைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டே கை எங்கே இருக்கிறது என்று சொல்ல வைக்கும் தசை, மூட்டு உணர்வுக்கு ‘தசைமூட்டுப்புலன்’ வரைதான் எட்ட முடிந்தது. வாயில் நுழைகிற மாதிரி யாராவது ஒன்று சொல்லுங்கள்.