ஐயவாதமா, ஐயநெறியா?

ஐயா, மெய்யியலில் scepticism என்பதைத் தமிழில் சொல்ல 'ஐயவாதம்' இருக்கும்போது 'ஐயநெறி' என்ற புதுச்சொல் எதற்கு என்று நேற்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் 'ஐயம்' உறுத்தவில்லை, 'வாதம்'தான் உறுத்துகிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் மெய்யியலாளர்களை மூன்றாகப் பிரிக்கிறார்: உண்மையைக் கண்டுவிட்டோம் என்பவர்கள், காணவே முடியாது என்பவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். மூன்றாமவர்கள்தான் அவருடைய ஆட்கள், பிர்ரோ என்ற பழைய கிரேக்க மெய்யியலாளரின் வழி வந்தவர்கள். அறிவே சாத்தியமில்லை என்று அடித்துச் சொன்னால் அதுவும் ஒரு கொள்கையாகிவிடும், அதனால் அதையும் சொல்லாமல், இரு பக்கமும் எடை சமமாக நிற்கும்போது முடிவை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். இவர்களைப் போய் 'வாதி' என்று எப்படி அழைப்பது? செக்ஸ்டஸ் தன் மரபை 'அகோகே' (நடத்திச் செல்லும் வழி) என்கிறார், நம் 'நெறி' அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே இவர்களுக்கு ஐயநெறி. 'அறியவே முடியாது' என்று துணிந்து சொல்கிறவர்களுக்கு ஐயவாதம் இருக்கட்டும்.

'தேடல்நெறி' என்றும் ஒரு பரிந்துரை வந்திருந்தது. அழகான சொல், ஆனால் ஆன்மிகத் தேடல் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அப்புறம், மணிமேகலையின் 27ஆம் காதையைப் பாருங்கள். பிழையான அறிதல்கள் எட்டைச் சொல்லும் இடத்தில், தறியோ மகனோ (நட்ட கட்டையோ மனிதனோ) என்று துணிய முடியாமல் நிற்பது ஐயம், ஆராயாமலே தறியை மகன் என்று கொள்வது 'தேராது தெளிதல்'. ஐயநெறியார் எதிர்த்த வறட்டுக் கொள்கைப்பிடிப்புக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்குமா! மணிமேகலையில் ஐயமும் குறைதான், கிரேக்கரிடமோ முடிவை நிறுத்தி வைப்பது மன அமைதியில் கொண்டுவிடுகிறது. அந்த வேறுபாட்டையும் 'நெறி' தாங்கிக்கொள்ளும்.

அடுத்து relativism. அதற்குச் சார்பியம் வேண்டாம், ஐன்ஸ்டைனின் சார்பியலோடு குழம்பும். சார்புவாதம் சரி, இங்கே 'வாதம்' பொருத்தமே. ஒரே காற்று ஒருவருக்குக் குளிர்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்றால், இரண்டும் அவரவர்க்கு உண்மை என்பது பழைய கிரேக்கச் சிந்தனையாளர் புரோத்தகோரஸ் பக்கம். குளிர்வதாகத் தோன்றுகிறது, உள்ளபடி எப்படியோ, அதைப் பற்றி முடிவு சொல்லமாட்டேன் என்பது ஐயநெறி. முன்னதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது, பின்னதில் இல்லை.

Justification, அதாவது ஒன்றை நம்புவதற்குக் காரணம் காட்டுவது, அதற்கு வழங்கும் 'நியாயப்படுத்தல்'தான் எனக்குப் பெரிய கவலை. தப்பு செய்துவிட்டு அதற்குச் சாக்கு சொல்வதைத்தானே வீட்டிலும் தெருவிலும் அப்படிச் சொல்கிறோம்? நான் 'ஏது காட்டல்' என்பேன், ஏது என்றால் காரணம். முடிவை நிறுத்தி வைக்க ஐயநெறியார் கையாண்ட, அக்ரிப்பா என்பவர் பெயரில் வழங்கும் ஐந்து முறைகளில் மூன்றை அதை வைத்துச் சொல்லிப் பார்த்தேன்: ஏதுவுக்கு ஏது, அதற்கும் ஏது என்று முடிவில்லாமல் போகும், அல்லது சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும், அல்லது ஏதுவே இல்லாமல் ஓரிடத்தில் 'இப்படித்தான்' என்று நின்றுவிடும். தடங்கலில்லாமல் வருகிறது. 'நியாயப்படுத்தல்' போட்டு இதே வாக்கியத்தை நீங்களும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.