டொக்கில் கிடக்கும் நேரத்தை லொக்கில் எப்படிப் போடுகிறீர்கள்?

ரொறன்ரோவிலிருந்து அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடத் தொடங்கியிருக்கும் தம்பிமார் அடிக்கடி கேட்பது, “அண்ணை, டொக்கில் (சாமான் ஏற்றி இறக்கும் இடத்தில்) நின்ற நேரத்தை லொக்கில், அதாவது வேலை நேரப் பதிவில், ஓஃப் டியூட்டி (வேலையில்லாத நேரம்) போடலாமா?” என்பதுதான். போடலாம், ஆனால் சும்மா இருந்தோம் என்பதற்காக அல்ல, வேலையிலிருந்து உங்களை விட்டிருந்தால் மட்டும். எல்லை தாண்டினால் எங்கள் கனடா விதியின் 13 மணி நேர ஓட்டம் செல்லாது. 11 மணி நேரம்தான், அதுவும் வேலை தொடங்கி 14 மணி நேரத்துக்குள்.

ஒரு நாள் காலை 5 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் லோட் ஏற்றப் போனேன். பேப்பர்களை வாங்கிய பெண், போனில் கூப்பிடும்வரை வர வேண்டாம், ஓரமாக விட்டுவிட்டுப் படுங்கள் என்றார். காவல் நிற்கத் தேவையில்லை, சாமான் எண்ணத் தேவையில்லை, வரிசையில் வண்டியை நகர்த்தி நகர்த்திப் போகத் தேவையில்லை. சரி என்று 9:30க்கு லொக்கை ஸ்லீப்பருக்கு (வண்டிக்குள் இருக்கும் படுக்கை) மாற்றிவிட்டுக் கண்ணை மூடினேன். கூப்பிட்டது 1 மணிக்கு. ஏற்றும்போது பலட்டுகளை (சாமான் அடுக்கிய தட்டுகளை) எண்ணிக்கொண்டு நின்ற அரை மணி நேரம் ஓன் டியூட்டி (வேலை நேரம்).

இனித்தான் விஷயம். 2020 செப்டெம்பரில் விதி மாறியதிலிருந்து, எடுக்க வேண்டிய 10 மணி நேர ஓய்வை இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு துண்டு தொடர்ந்து குறைந்தது 2 மணி நேரம், மற்றது ஸ்லீப்பரில் குறைந்தது 7 மணி நேரம், இரண்டும் சேர்ந்து 10 வர வேண்டும். வந்தால் இரண்டுமே 14 மணிக் கணக்கில் சேராது. மாலை 7 மணிக்கு முடிய வேண்டிய என் நாள் இரவு 10:30 வரை நீண்டது, சிக்காகோவுக்கு 350 மைல் அவசரமில்லாமல் ஓடினேன். (சிக்காகோவில் ஒரு மணி நேரம் குறைவு, ஆனால் லொக் ரொறன்ரோ நேரத்தில்தான் ஓடும், அதில் குழம்ப வேண்டாம்.) அன்றிரவு 7 மணி நேரம் முழுசாக ஸ்லீப்பரில் கிடந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். 6 மணி 50 நிமிடத்திலேயே எழும்பி வண்டியை எடுத்தால், முதல் நாள் மாலை 7 மணிக்குப் பிறகு ஓட்டியது எல்லாம் மீறல்.

வெறும் ஓஃப் டியூட்டி போட்டாலே 14 மணிக் கணக்கு நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்காது. 8 நாளுக்கான 70 மணி நேர வேலை வரம்பில்தான் மிச்சம் பிடிக்கலாம்.

* * *

மேலே எழுதிய அண்ணைக்கு நல்ல இடம் வாய்த்திருக்கிறது. எனக்குப் பென்சில்வேனியாவில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் பஸ்ஸரை (முறை வந்ததும் மின்னி அதிரும் சிறு கருவி) கையில் தந்து அனுப்பினார்கள். நானும் ஓய்வைப் பிரிக்கலாம் என்ற நினைப்பில் படுத்திருந்தேன், 1 மணி 50 நிமிடத்தில் அந்தச் சனியன் சிவப்பாக மின்னி மேசையில் துள்ளியது. லொக்கில் யார்ட் மூவ் (வளவுக்குள் வண்டியை நகர்த்துவது) போட்டு டொக் கதவில் விட்டேன். யார்ட் மூவ் என்றால் ஓன் டியூட்டி, அதோடு தொடர்ச்சி அறுந்தது. கதவில் போட்ட பிறகு இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஒருவரும் ட்ரெயிலரைத் தொடவில்லை! ஆக மூன்றரை மணிக்கு மேல் கிடந்தும் எந்தத் துண்டும் 2 மணியைத் தொடாததால் 14 மணிக் கணக்கில் ஒரு நிமிடம்கூட மிச்சம் பிடிக்க முடியவில்லை.

வெளியே வரும்போது நேரம் முடிந்துவிட்டது, காவலாளி உள்ளே நிற்க விடவில்லை. பர்சனல் கன்வேயன்ஸ் (சொந்தத் தேவைக்கு ஓடுவது) போட்டு, குறிப்பும் எழுதிவிட்டு, பக்கத்து ட்ரக் ஸ்டொப்புக்குப் போனேன். 2018இல் வந்த விளக்கத்தின்படி, ஏற்றி இறக்கிய பிறகு ஓய்வெடுக்க அருகிலுள்ள பாதுகாப்பான இடத்துக்கு லோடோடும் அப்படிப் போகலாம். அடுத்த டெலிவரியை நோக்கி 60 மைல் போய்விட்டு அதைப் போட்டால் வம்பு.

* * *

நீங்கள் இருவரும் சொன்ன வெயர்ஹவுஸைவிட எனக்குத் தலையிடி டிஸ்பாட்சர் (ஒஃபிஸிலிருந்து லோட் கொடுப்பவர்). பலட் ஜாக்கை இழுத்து நானே இறக்கிய நேரத்தை ஓஃப் டியூட்டியாக மாற்றி, இ.எல்.டி.யில் (லொக்கைப் பதியும் மின்னணுக் கருவி) எடிட் அனுப்பியிருந்தார். ஒஃபிஸ் மாற்றம் கேட்கலாம், ஆனால் ட்ரைவர் ஏற்றால்தான் அது நிற்கும். நான் நிராகரித்தேன். லோட் பேப்பரில் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் முத்திரையோடு இருக்கிறது, ஓடிட் (தணிக்கை) செய்ய வருகிறவன் அதையும் லொக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பான்.

ஓஃப் போட்டால் டிடென்ஷன் காசு (காத்திருக்க வைத்ததற்கான காசு) போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அது புரோக்கருக்கும் (லோட் பிடித்துத் தரும் தரகர்) கம்பனிக்கும் இடையிலான கணக்கு, பெரும்பாலும் முதல் 2 மணி நேரம் இலவசம், பிறகு அந்த முத்திரை நேரத்தை வைத்துத்தான் கேட்பார்கள். அந்தப் பேப்பரை அங்கேயே போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, நிராகரித்த காரணத்தையும் மெசேஜில் எழுத்தாகப் போட்டேன். பொய் லொக் எழுதச் சொல்லி நெருக்கினால் 90 நாளுக்குள் எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வுக்கு (அமெரிக்க அரசின் ட்ரக் பாதுகாப்பு அமைப்பு) முறையிடலாம் என்பது அவருக்கும் தெரியும் போல, அதன் பிறகு எடிட் வரவில்லை. ஆனால் நல்ல லோடுகளும் கொஞ்ச நாள் வரவில்லை.