தடிப்பே இல்லை, ஆனா அரிப்பு நிற்கலை: எந்த டெஸ்ட் எழுதணும்?

செவிலி_58:
வயது 58, ஆண். இரண்டு மாசமா உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரியில் அதிகம். நகக்கீறல் தவிர தோலில் ஒன்றும் இல்லை. அலர்ஜி மாத்திரை செட்ரிசின் 10 மி.கி. மூன்று வாரம் கொடுத்தும் கேட்கலை. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. என்னென்ன பார்க்கச் சொல்லணும்?

தோல்_மருத்துவர்:
ஆறு வாரம் தாண்டினாலே நாள்பட்ட அரிப்பு. முதலில் சட்டையைக் கழற்றி முதுகைப் பாருங்க. கை எட்டாத நடு முதுகு மட்டும் கீறலே இல்லாம சுத்தமா இருந்தா, மற்ற இடத்துக் காயமெல்லாம் சொறிஞ்சதால வந்தது. காரணம் உள்ளே இருக்கலாம். சொறிஞ்சு சொறிஞ்சு நகம்கூட பாலிஷ் போட்ட மாதிரி மின்னும்.

விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு, இங்கெல்லாம் சிறு பருக்கள் இருந்தா சிரங்கு. வீட்டில் மற்றவங்களுக்கு இல்லைன்னு அதை ஒதுக்கிடாதீங்க. முதல் தடவை தொற்றினவங்களுக்கு அரிப்பு தொடங்கவே 2 முதல் 6 வாரம் ஆகலாம்.

ரத்தத்தில் டிஃபரென்ஷியலோட (வெள்ளணு வகைகளோட) முழு ரத்த அணு எண்ணிக்கை, இ.எஸ்.ஆர். (அழற்சி காட்டும்), ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), யூரியா, கிரியாட்டினின், சர்க்கரை, டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி. கூடவே மார்பு எக்ஸ்ரே. ஈரலுக்கு பிலிருபின் (மஞ்சள் நிறமி) மட்டும் பார்த்து 'நார்மல்'னு அனுப்பிடறாங்க, பெரும்பாலும் கோட்டை விடுறது இங்கேதான். பித்தம் தேங்கினா கண் மஞ்சளாகும் முன்னாடியே அரிப்பு வரலாம். பித்தத் தேக்கத்தைக் காட்டுற ஈரல் டெஸ்ட்களான ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஜி.ஜி.டி.யும் அவசியம் வேணும். அது ஏறியிருந்தா வயிற்று ஸ்கேன்.

ரத்தவியல்_மாணவி:
குளிச்சு முடிச்சதும் ஊசி குத்துற மாதிரி அரிக்குதான்னு கேளுங்க. கூடவே ஹீமோகுளோபின் 16.5-ஐத் தாண்டியிருந்தா பாலிசைதீமியா வேராவுக்கு (சிவப்பணு மிகையாகும் ரத்த நோய்) ஜாக்2 மரபணு டெஸ்ட் எடுக்கணும். ராத்திரி துணி நனையுற வேர்வை, எடைக் குறைவு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருந்தா லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) சந்தேகம், தள்ளிப்போடக் கூடாது.

மருந்தாளுநர்:
செட்ரிசின் தடுப்பது ஹிஸ்டமினை. பித்தத் தேக்கம், சிறுநீரகக் கோளாறில் வரும் அரிப்புக்கு ஹிஸ்டமின் முக்கியக் காரணமில்லை, அதான் கேட்கலை. டோஸை ஏற்றினா தூக்கக் கலக்கம்தான் மிச்சம். பித்த அரிப்புக்குக் கொலஸ்டிரமின் பொடி எழுதினா, மற்ற மாத்திரைகளை அதுக்கு 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ கொடுங்க. சேர்த்துக் கொடுத்தா அந்த மாத்திரைகளையும் பொடி பிடிச்சு வச்சுக்கும். ரிப்போர்ட் வரும்வரை வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் மட்டும், ஈரம் காயும் முன் வெள்ளை பாரஃபின்.

இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்கு ஒன்று: ஏழாம் மாசத்துக்கு மேல் உள்ளங்கை, உள்ளங்கால் அரிச்சா சூடுன்னு விட்டுடாதீங்க. பித்த அமில டெஸ்ட் அன்றைக்கே கேளுங்க. அது லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டா குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுது.