அப்டேட்: மணியோட போடி போய்ட்டு வந்தாச்சு
போன வாரம் கேட்டிருந்தேன்ல, கலிபோர்னியா போடிக்கு (நம்ம போடிநாயக்கனூர் இல்லப்பா, 1859ல தங்கம் கெடச்ச ஊரு, இப்ப ஆளே இல்ல) எங்க நாய் மணியக் கூட்டிட்டு போலாமான்னு. போலாம். ஆனா 6 அடி கயித்துல புடிச்சுக்கணும், மியூசியத்துக்குள்ள விடமாட்டாங்க, அதனால நானும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி வெளிய நின்னோம். கடைசி 3 மைல் மண் ரோடு, கார் குலுங்குன குலுங்குல மணி சீட்டுக்கடில பூந்துட்டான். 8,375 அடி ஒயரம், நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது, நிழலும் கெடையாது. தண்ணி நெறைய எடுத்துட்டுப் போன்னு சொன்னவங்களுக்கு கும்புடு, 3 பாட்டில் அவனே காலி பண்ணிட்டான்.

இடிஞ்சத திருப்பிக் கட்டாம, மேல இடியவும் விடாம அப்படியே வெச்சிருக்காங்க. பழைய கடை ஜன்னல்ல எட்டிப் பாத்தா அலமாரில டப்பாவெல்லாம் தூசியோட அடுக்குனபடியே இருக்கு, நான் அதுல சொக்கி நிக்க, மணி கண்ணாடில தன் மூஞ்சியப் பாத்து ஒரே குரைப்பு, மானம் போச்சு.

அப்புறம் நாய்க்கு ஷூ போடுங்கன்னு ஒருத்தர் சொன்னப்ப நக்கலடிச்சேன்ல, சாரிங்க. துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு பாதத்துல கீறிடுச்சு. சின்னதுதான், இப்ப நல்லாத்தான் ஓடுறான்.